ஒரு எழுத்துகூட மாறக்கூடாது

எங்கள் கடையைப் பாகம் பிரித்த ஞாயிற்றுக்கிழமை, தாராவியில் எங்கள் சந்தில் ஆள் நடக்க இடமில்லை. சந்து முழுக்கப் பாத்திரம். அண்டா, குண்டான், இட்லிக் கொப்பரை, ஜல்லிக்கரண்டி, பரிமாறும் வாளி என்று விசேஷ வீடுகளுக்கு வாடகைக்கு விடும் சாமான்கள் எல்லாம் இரண்டு வரிசையாக வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு வரிசை அப்பாவுக்கு. இன்னொரு வரிசை சித்தப்பாவுக்கு. சண்டை போட்டுப் பிரியவில்லை. பிள்ளைகள் வளர்ந்துவிட்டோம், ஒரு கடை இரண்டு குடும்பத்துக்குப் போதவில்லை, அவ்வளவுதான். ஆனால் சண்டை வந்துவிடக் கூடாது என்று இரண்டு பேரும் காட்டிய கவனத்தைப் பார்த்தால், பேசாமல் சண்டையே போட்டிருக்கலாம் என்று தோன்றியது.

ஒரு கரண்டி அந்தப் பக்கம் போனால் அதே நீளத்தில் ஒரு கரண்டி இந்தப் பக்கம் வர வேண்டும். நசுங்கிய குண்டானுக்கு நசுங்கிய குண்டான். மூடி தொலைந்த சட்டிக்கு மூடி தொலைந்த சட்டி. கடையின் பெயரை விட்டுக்கொடு என்று கேட்க இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. அதனால் எதிரெதிரே இரண்டு கடை, இரண்டிலும் ஒரே பெயர், ஒரே பச்சை போர்டு. பாத்திரங்களின் விளிம்பில் அந்தப் பெயர் ஏற்கெனவே வெட்டியிருந்தது. பெயர் வெட்டுகிறவரைக் கூட்டிவந்து, அப்பாவின் பாத்திரங்களில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளியும் சித்தப்பாவின் பாத்திரங்களில் இரண்டு புள்ளியும் வைக்கச் சொன்னார்கள். மிஞ்சியது ஒன்றே ஒன்று. ஐந்நூறு பேருக்குப் பாயசம் வைக்கிற பெரிய அண்டா. அதற்கு ஜோடி கிடையாது. ஒரு மாதம் இங்கே, ஒரு மாதம் அங்கே என்று பேசி முடித்தார்கள். அதற்கு மட்டும் புள்ளி வைக்கவில்லை.

மறுநாள் காலையில் இரண்டு கடையும் திறந்ததும் அப்பாவும் சித்தப்பாவும் எப்போதும்போல முனையிலிருக்கும் டீக்கடைக்குப் போய், ஆளுக்கொரு கட்டிங் சாய் குடித்தார்கள். பாதி கிளாஸ் டீதான் கட்டிங். அதைக் குடிக்க இரண்டு பேருக்கும் அரை மணி நேரம் ஆகும். அதைப் பார்த்த பிறகுதான் அம்மா அன்றைக்கு அடுப்பைப் பற்றவைத்தாள்.

இது நடந்து ஆறு வருஷம் ஒரு வம்பும் இல்லை. வம்பைக் கொண்டுவந்தவள் நான்.

நான் வாஷியில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சயானில் ரயில் ஏறி, குர்லாவில் மாறி, கதவுப் பக்கம் நின்றே போய்ச் சேர்வேன். தேடுபொறியில் யாராவது எதையாவது தேடினால், எங்கள் வாடிக்கையாளர்களின் வலைத்தளம் மேலே வரும்படி செய்வது எங்கள் அலுவலகத்தின் தொழில். அதிலும் எனக்கென்று ஒதுக்கிய வேலை ஒன்று உண்டு. ஒரே விஷயம் இரண்டு மூன்று பக்கங்களில் அப்படியே இருந்தால் தேடிப்பிடித்துச் சரிசெய்ய வேண்டும். துணிக்கடைத் தளம் என்று வையுங்கள். நீலச் சட்டைக்கு ஒரு பக்கம், சிவப்புச் சட்டைக்கு ஒரு பக்கம், எழுதியிருப்பது மட்டும் வரிக்கு வரி ஒன்றே. தேடுபொறி இரண்டையும் படிக்கும். இதுவும் அதுவும் ஒன்றுதானே என்று ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை ஓரமாகத் தள்ளிவிடும். கோபம், தண்டனை எல்லாம் கிடையாது. கேட்டவருக்கு ஒரே பதிலை இரண்டு தடவை சொல்லக் கூடாது என்று நினைக்கிறது, அவ்வளவுதான். எதை வைத்துக்கொள்வது என்பது அதன் இஷ்டம். நாம் சிபாரிசு செய்யலாம், கேட்டாலும் கேட்கும்.

இதற்குத்தான் எனக்கு மாதாமாதம் சம்பளம். இதை இத்தனை விளக்கமாகச் சொல்வது, நான் செய்த முட்டாள்தனத்தின் அளவு உங்களுக்குச் சரியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக.

கிராக்கிகள் எல்லாம் இப்போது போனில் தேடித்தான் வருகிறார்கள் என்று அப்பாவுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். நமக்கும் ஒரு பக்கம் செய்துகொடு என்றார். ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து ஆங்கிலத்தில் அழகாக எழுதினேன். இரண்டு தலைமுறை அனுபவம், நம்பிக்கை, நாணயம், சுத்தமான பாத்திரங்கள், எல்லா விசேஷங்களுக்கும் ஏற்றவை. நடுவில் பெரிய அண்டாவின் படம். வெளியிடும் முன்பே அப்பா அதைப் போனில் வாங்கி வைத்துக்கொண்டு மறுநாள் டீக்கடைக்குப் போனார். பத்தே நிமிஷத்தில் சித்தப்பா மூச்சு வாங்க எங்கள் மாடிக்கு ஏறி வந்துவிட்டார்.

"ஏட்டி, எனக்கும் ஒண்ணு போட்டுக் குடு."

"போட்டுரலாம் சித்தப்பா. உங்க கடைக்குத் தனியா எழுதுதேன்."

"தனியா என்னத்துக்கு? அண்ணனுக்கு என்ன எழுதினியோ அதான் எனக்கும். ஒரு எழுத்துகூட மாறக்கூடாது. அவருக்கு நல்லா எழுதிட்டு எனக்குச் சவசவன்னு எழுதிட்டேன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரப்பிடாது பாத்துக்கோ."

பின்னாலேயே ஏறி வந்த அப்பாவும் தலையை ஆட்டினார். "அதாம்மா நியாயம். போட்டோவும் அதே போட்டோ போடு. அண்டா ரெண்டு பேருக்கும் பொதுதான."

எனக்குத் தெரியாதா? தெரியும். வாஷியில் இதைச் செய்திருந்தால் என் மேலாளர் என்னைப் பார்த்துச் சிரித்தே கொன்றிருப்பார். ஆனால் அது ஞாயிற்றுக்கிழமை, எனக்குச் சோம்பல். போதாக்குறைக்குத் தலைக்கனம் வேறு. தாராவிச் சந்தில் இருக்கும் பாத்திரக்கடையை எவன் தேடப்போகிறான் என்று நினைத்தேன். போன் நம்பரை மட்டும் மாற்றிவிட்டு, மற்றதை அப்படியே ஒட்டினேன். இரண்டு பக்கத்தையும் ஒரே சமயத்தில் வெளியிடுவது என்று முடிவானது. அதற்குள் சாயங்காலம் மணி நாலே முக்கால்.

"நிறுத்து, நிறுத்து. ஞாயித்துக்கிழமை நாலரைலேந்து ஆறு ராகு காலம்" என்றார் அப்பா.

"நெட்டுக்கு என்னண்ணே ராகு காலம்? அங்கன ராத்திரி பகலே கெடையாதுங்காவ" என்றார் சித்தப்பா. அவருக்கு ஒரு வேலை வந்துவிட்டால் கால் தரையில் நிற்காது. அவருடையதை அப்போதே வெளியிடச் சொன்னார். அப்பாவுடையதை ஆறு மணி அடித்து ஐந்து நிமிஷம் கழித்து, சாமி படத்துக்குச் சூடம் காட்டிவிட்டு வெளியிட்டேன். அம்மா எல்லோருக்கும் கேசரி கொடுத்தாள். எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம், போங்கள்.

இரண்டு மாதம் கழித்து மாட்டுங்காவில் ஒரு கிரகப்பிரவேசம். அந்த வீட்டு அம்மாள் அப்பாவின் பழைய வாடிக்கை. நம்பர் எழுதிய சீட்டைத் தொலைத்துவிட்டு, கடைப் பெயரை நினைவு வைத்துப் போனில் தேடியிருக்கிறார். வந்த நம்பருக்குக் கூப்பிட்டு, போன தடவை கொடுத்தது எல்லாம் அப்படியே வேண்டும் என்று சொல்லிவிட்டார். அது சித்தப்பாவின் நம்பர். சித்தப்பாவும் தன் பழைய கிராக்கி யாரோ என்று நினைத்து, விவரம் கேட்டு எழுதிக்கொண்டார். விசேஷத்தன்று காலையில் அப்பா கடை வாசலில் நின்றுகொண்டிருக்கும்போதே, எதிர்க்கடையில் டெம்போவில் பாத்திரம் ஏறியது. டிரைவர் கையிலிருந்த விலாசத்தை அப்பா எட்டிப் பார்த்தார்.

"என் கிராக்கிய அடிக்கான்" என்று அப்பா உள்ளே வந்து கத்தினார்.

"போன் எனக்குத்தான வந்துது? நான் என்ன கூப்பிட்டா புடுங்கினேன்?" என்று எதிர்க்கடையிலிருந்து பதில் வந்தது. இரண்டு பேரும் சொன்னது உண்மைதான். அதுதான் கஷ்டம்.

அன்று மாலை அப்பா என் கையில் போனைக் கொடுத்துத் தேடச் சொன்னார். கடைப் பெயரைப் போட்டேன். சித்தப்பா வந்தார். மாட்டுங்கா பாத்திர வாடகை என்று போட்டேன். சித்தப்பா வந்தார். செம்பூர், வடாலா, எதைப் போட்டாலும் சித்தப்பாதான். கடைசியில், சின்ன எழுத்தில், மேலே காட்டியவற்றைப் போலவே இருக்கும் சிலவற்றை விட்டுவிட்டோம் என்ற அர்த்தத்தில் ஒரு வரி இருந்தது. அதைத் தமிழில் சொன்னேன்.

அப்பா அந்த வரியை விரலால் தொட்டார். "அந்தச் சிலது நாந்தானா?" என்று கேட்டார்.

ஊருக்கெல்லாம் மருந்து கொடுத்துவிட்டு என் வீட்டில் நானே காய்ச்சலை வரவழைத்திருக்கிறேன். அவரோ அடுத்த நிமிஷம் வேறு வழியில் போய்விட்டார். "நல்ல நேரம் பாத்து, சூடம் காட்டிப் போட்டது நம்மது. ராகு காலத்துல போட்டவன் மேல வாரான். என்ன நெட்டு இது, சவத்தெழவு!"

முதலில் வந்ததனால் சித்தப்பாவுடையதை வைத்துக்கொண்டதோ, செம்பூரில் சமையல் காண்டிராக்ட் எடுக்கும் ஒரு பெண்மணி தன் தளத்தில் சித்தப்பா பக்கத்துக்கு இணைப்பு கொடுத்திருந்ததனாலோ, யாருக்குத் தெரியும்? தேடுபொறி காரணம் சொல்லாது. மறுநாள் காலையில் அப்பா டீக்கடைக்குப் போகவில்லை. வயிறு சரியில்லை என்றார். அடுத்த நாள் சித்தப்பா போகவில்லை. மூன்றாம் நாளிலிருந்து அப்பா டீயைக் கடைக்கே வரவழைத்துக் குடித்தார். யாராவது தம்பி எங்கே என்று கேட்டால், "எதுத்த கடைக்காரரா? எனக்குத் தெரியாதுவே" என்று பதில் சொன்னார். ஆறு வருஷம் பாகப் பிரிவினையால் ஆகாதது, நான் ஒட்டிய ஒரு பக்கத்தால் ஆகிவிட்டது.

அம்மா முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். "பிரிச்ச அன்னிக்கே ரெண்டு பேரும் கட்டிப்புடிச்சி அழுதிருந்தா தீந்திருக்கும். அன்னிக்குக் கரண்டி எண்ணிட்டு இருந்தாவ."

சரி, நான் கெடுத்ததை நானே சரிசெய்கிறேன் என்று உட்கார்ந்தேன். முதலில் சோம்பேறி வைத்தியம். அப்பா பக்கத்தில் இருந்த சொற்களை மட்டும் மாற்றினேன். ஒன்றில் சிறந்த பாத்திரங்கள் என்றால் இன்னொன்றில் மேலான பாத்திரங்கள். வாக்கியத்தைத் திருப்பிப் போட்டு, முன்னால் இருந்ததைப் பின்னால் வைத்தேன். அலுவலகத்தில் யாராவது இப்படிச் செய்தால் நான்தான் திட்டுவேன். தேடுபொறி இதற்கெல்லாம் ஏமாறவில்லை, அசையவே இல்லை. சித்தப்பாதான் அசைந்தார். யாரிடமோ இரண்டு பக்கத்தையும் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு மாடிக்கு வந்தார்.

"ஏட்டி, அவருக்கு பெஸ்ட்டுன்னு போட்டிருக்க. எனக்கு எக்ஸலண்ட்டுன்னு இருக்கு. எது ஒசத்தி?"

"ரெண்டும் ஒண்ணுதான் சித்தப்பா."

"ஒண்ணுதான்னா என்னத்துக்கு மாத்தின?"

போகும்போது படியில் நின்று, "அண்ணன் டீ குடிக்க வரல போலுக்கே" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கினார்.

அப்பா வேறு மாதிரி கேட்டார். "நீ இதுக்குத்தான சம்பளம் வாங்குத? அங்கன என்ன செய்வியோ அத இங்கன செய்." நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லித் தொலைத்தேன். ஒரு பக்கத்தின் தலைப்பகுதியில், கண்ணுக்குத் தெரியாமல் ஒரு வரி சேர்க்கலாம். நான் நகல், அசல் அங்கே இருக்கிறது என்று தேடுபொறிக்குச் சொல்லும் வரி. பாத்திரத்தில் பெயர் வெட்டுவதைப் போலத்தான். யாருடையது என்று அதற்குச் சந்தேகம் வராது.

"அப்ப வெட்டிருவோம்" என்றார் அப்பா.

"வெட்டினா சித்தப்பா பக்கம் தேடுனா கெடைக்காதுப்பா. உங்களுது மட்டும்தான் வரும்."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். வாசல் வரை போய்த் திரும்பினார். "நாந்தான மூத்தவன். போடு."

இரண்டு தளத்தின் கடவுச்சொல்லும் என்னிடம்தான். சித்தப்பா என்னிடம் அதைக் கேட்டதே இல்லை, நீயே வச்சுக்கோம்மா என்றுவிட்டார். அந்த வரியை அவருடைய பக்கத்தில் போட்டால் அவருக்குத் தெரியவே தெரியாது. போன் வருவது குறையும், ஏன் என்று யோசிப்பார், ராகு காலத்தில் போட்டது தப்போ என்றுகூட நினைப்பார். வாஷியில் மதிய இடைவேளையில் கணினியைத் திறந்து அந்த வரியைத் தட்டினேன். சேமிக்கவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பயமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது. அப்பாவின் பாத்திரத்தில் ஒரு புள்ளி, சித்தப்பாவின் பாத்திரத்தில் இரண்டு புள்ளி என்று வைத்தார்களே ஒழிய, ஒருவர் பாத்திரத்திலிருந்து ஒருவர் பெயரைச் சுரண்டவில்லை. நான் சுரண்டப் பார்க்கிறேன். அந்த வரியை அழித்துவிட்டுச் சாப்பிட்டேன். புளியோதரை ஆறிப்போயிருந்தாலும் நன்றாகத்தான் இருந்தது.

அலுவலகத்தில் இப்படி இரண்டு பக்கமும் உயிரோடு இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், நான் அவர்களிடம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று. இது அதிலிருந்து எப்படி வேறு? வேறு என்றால் அதை எழுதுங்கள். வேறில்லை என்றால் இரண்டு எதற்கு? வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அதைக் கேட்டேன்.

"நம்ம கடையில என்னப்பா விசேஷம்?"

"நம்பிக்கை. நாணயம்."

எதிர்க்கடைக்குப் போய்ச் சித்தப்பாவிடம் கேட்டேன். "நாணயம்" என்று ஆரம்பித்தார். "நம்பிக்கை" என்று முடித்தார். தலையில் அடித்துக்கொண்டு வந்தேன்.

அந்த வாரம் லீவு போட்டுவிட்டு இரண்டு கடையிலும் மாறி மாறி உட்கார்ந்தேன். அப்போதுதான் புரிந்தது. பிரித்த அன்றைக்குத்தான் அவை ஒரே கடை. ஆறு வருஷத்தில் இரண்டாகிவிட்டிருந்தன. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருக்கும் சைவ வீடுகள் அப்பாவிடம் வந்தன. குர்லாப் பட்டறைகளின் பிரியாணி விருந்துக்கும், ரம்ஜானில் நோன்புக் கஞ்சிக்கும் சித்தப்பாவிடம் வந்தார்கள். எல்லோருக்கும் தெரியும், இவர்கள் இரண்டு பேரும் மட்டும் ஒத்துக்கொள்வதில்லை. ஒத்துக்கொண்டால் அன்றைக்குச் சரிபாதியாகப் பிரித்தது சரிபாதி இல்லை என்று ஆகிவிடுமாம்.

தன் பெருமையைச் சொல்லத் தெரியாத மனிதர்களிடம் வேறு எதைக் கேட்பது? அடுத்தவர் குறையைக் கேட்டேன். ஆகா, மடை திறந்த மாதிரி வந்தது!

"அவனா?" என்றார் அப்பா. "கோட்டிக்காரப் பய. பாத்திரத்த எறக்கினமா, கையெழுத்து வாங்கினமா, வந்தமான்னு கெடயாது. அடுப்பு சரியா நிக்கான்னு பாப்பான், ஆட்டிப் பாப்பான், தீ காத்துல எந்தப் பக்கம் சாயுதுன்னு பாப்பான். மொத ஒல கொதிக்கிற வரைக்கும் சமையக்காரன் பக்கத்துல நின்னுட்டுத்தான் வருவான். இங்கன கடை கெடக்கும். இப்படி இருந்தா யாவாரம் எப்படி நடக்கும்?"

எழுதிக்கொண்டேன். எதிர்க்கடைக்குப் போனேன்.

"அண்ணனா?" என்றார் சித்தப்பா. "ஒரு அண்டா கேட்டவன ஆயிரம் கேள்வி கேப்பாரு. எத்தன மாடி, லிஃப்ட் உண்டா, லிஃப்ட் கதவு எத்தன இஞ்சு, பின்வாசல் எவ்வளவு அகலம், மாடிப்படி எங்கன திரும்புது. கிராக்கிக்குக் கிறுகிறுத்துப் போகும். மாட்டுங்கா, செம்பூர்ல ஒரு கல்யாண ஹால் விடாம எல்லா வாசலையும் டேப்பு வச்சி அளந்து நோட்டுல எழுதி வச்சிருக்காரு, தெரியுமா? இது பாத்திரக்கடையா, முனிசிபாலிட்டியா?"

அதையும் எழுதிக்கொண்டேன். சனிக்கிழமை உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் புதிதாக எழுதினேன். நம்பிக்கை, நாணயத்தைத் தூக்கி எறிந்தேன். அப்பாவின் பக்கத்தில் சித்தப்பா திட்டியது. சித்தப்பாவின் பக்கத்தில் அப்பா திட்டியது. கோட்டிக்காரன், முனிசிபாலிட்டி ஆகியவற்றை மட்டும் எடுத்துவிட்டேன். மீதியை ஒன்றும் ஜோடிக்க வேண்டியிருக்கவில்லை. என் வேலையில் இத்தனை நல்ல பக்கத்தை நான் எழுதியதில்லை.

அப்பாவுக்கு அவர் பக்கத்தைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். உங்கள் கட்டடத்தில் லிஃப்ட் சின்னதா? ஹாலின் பின்வாசல் குறுகலா? பாத்திரம் ஏற்றுவதற்கு முன்பே உங்கள் வாசலின் அளவு எங்களுக்குத் தெரிந்திருக்கும். எந்தப் பாத்திரமும் உங்கள் வாசலில் மாட்டிக்கொண்டு நிற்காது.

"இத யாரு சொன்னா?"

"சித்தப்பா."

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியில் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை.

"ரொம்ப வருஷத்துக்கு முன்ன செம்பூர்ல ஒரு கல்யாணம்மா. பெரிய அண்டாவ நானும் அவனும் தூக்கிட்டுப் போனோம். நான் உள்ள, அவன் வெளிய. வாசல்ல மாட்டிக்கிட்டு. அளவு பாக்காம நான்தான் உள்ள இருந்து இழுத்தேன், கோட்டிக்காரன் மாதிரி. வாசக்கல்லுக்கும் அண்டாவுக்கும் நடுவுல அவன் தோளு நசுங்கிப்போச்சு. ஒரு சத்தம் போடலயே அந்தப் பய. 'இழுண்ணே, இழுண்ணே'ன்னுதான் சொன்னான். இன்னிக்கும் மழைக்காலத்துல அந்தக் கைய அவனால மேல தூக்க முடியாது." மூக்கை உறிஞ்சினார். "மறுநாள்தான் அந்த டேப்ப வாங்கினேன்."

ஆயிரம் கேள்வியும் எங்கிருந்து வந்தன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நான் அழுதேன். அப்பா, "இதுல என்ன அழுகை" என்று என்னைத் திட்டிக்கொண்டே அவரும் அழுதார். கதவருகில் நின்றிருந்த அம்மா, இப்போதாவது அழுதார்களே என்று மேலே பார்த்துக் கும்பிட்டாள்.

ஒன்று பாக்கி இருந்தது. பெரிய அண்டாவின் படம். ஒரே படத்தை இரண்டு பக்கத்திலும் வைக்க எனக்கு இனி மனசில்லை, யார் பக்கத்தில் போடட்டும் என்று கேட்டேன்.

"அவனுக்கே போட்டுரு. அதுல பாயசம் வச்சா பக்கத்துல நின்னு பாக்க ஆளு வேணும். அவன் நிப்பான்" என்றார் அப்பா.

சித்தப்பாவிடம் போய், அவர் பக்கத்தையும் வாசித்துக்காட்டிவிட்டு அதையே கேட்டேன். அவர் ஒரு வாளியின் நசுங்கலை மரச்சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். "அண்ணன் பக்கத்துல போடு. அது வாசல்ல நுழையுமான்னு கேக்க ஆளு வேணும்லா" என்றார்.

இரண்டு பேரும் விட்டுக்கொடுத்ததில் ஒரு நாள் முழுக்க அண்டா எந்தப் பக்கத்திலும் இல்லை. பிறகு நானே முடிவெடுத்தேன். அப்பாவின் பக்கத்தில், பெரிய அண்டா வேண்டுமென்றால் உங்கள் வாசலுக்குள் அது நுழையுமா என்று இங்கே கேளுங்கள் என்று ஒரு வரி. சித்தப்பாவின் பக்கத்தில், பெரிய அண்டாவோடு கூடவே வந்து நின்று பார்க்கிற ஆள் இங்கே இருக்கிறார் என்று ஒரு வரி. அப்பாவின் வரியிலிருந்து சித்தப்பாவின் பக்கத்துக்கும், சித்தப்பாவின் வரியிலிருந்து அப்பாவின் பக்கத்துக்கும் இணைப்பு. அண்டா வேண்டுமென்றால் இரண்டு பேரையும் கூப்பிட்டே ஆக வேண்டும்.

மூன்று நான்கு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. தேடுபொறி ஆடி அசைந்துதான் வரும். அதற்குள் அப்பாவும் சித்தப்பாவும் சமாதானமாகியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? அவ்வளவு லேசா? ஒருவரைப் பற்றி மற்றவர் நல்லபடி சொன்னது தெரிந்துவிட்ட வெட்கத்தில், முன்பைவிட அதிகமாக ஒருவரை ஒருவர் பார்க்காமல் நடந்தார்கள். அப்புறம் ஒரு நாள் காலையில் தேடிப் பார்த்தேன். மாட்டுங்கா என்று போட்டால் அப்பா. பிரியாணி என்று போட்டால் சித்தப்பா. கடைப் பெயரை மட்டும் போட்டால் இரண்டு பேரும், ஒருவருக்குக் கீழே ஒருவர்.

அன்றைக்கே அப்பாவின் போன் அடித்தது. செம்பூரிலிருந்து யாரோ, பெரிய அண்டா வேண்டும் என்று இந்தியில் கேட்டார். அப்பா எத்தனை மாடி என்று கேட்டார். லிஃப்டைக் கேட்டார். பின்வாசலைக் கேட்டார். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நுழையும் என்று சொன்னார். மறுமுனையில், பாத்திரம் உங்களிடம்தானே இருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும்.

"நஹீ" என்றார் அப்பா. எதிர்க்கடையைப் பார்த்தார். சித்தப்பா வாசலில் நின்று இந்தப் பக்கம் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். "ஓ மேரே சோட்டே பாய் கே பாஸ் ஹை. நம்பர் லிக்கோ."

அது என் தம்பியிடம் இருக்கிறது என்று அவர் சொன்னது, சந்தில் அத்தனை இரைச்சலிலும் எதிரே கேட்டுவிட்டது. அப்பா நம்பரை நோட்டைப் பார்க்காமலே சொன்னார். போனை வைத்ததும் என்னைப் பார்த்து, "என்ன பாக்க? ஆபீசுக்கு நேரமாகல?" என்று விரட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு முனைக்கு நடந்தார். நானும் பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். டீக்கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் இரண்டு கிளாஸை எடுத்து வைத்தார். சித்தப்பா வந்து பக்கத்தில் நின்றார்.

"ராகு காலம் முடிஞ்சிட்டாண்ணே?" என்றார் சித்தப்பா.

"முடிஞ்சிட்டுலே" என்றார் அப்பா. "டீ ஆறுது. குடி."